சவுண்டை அணைத்துவிட்டுச் சாம்பியன் ஆவது எப்படி?

பெரிய ஈஸ்போர்ட்ஸ் அணிகள் போட்டிக்கு முன் தனி வீடு பிடித்து, ஆளுக்கொரு நாற்காலி, ஆளுக்கொரு ஹெட்செட் என்று பயிற்சி எடுக்கின்றன. தேவிகுளத்திலோ பீர்மேட்டிலோ எஸ்டேட் லயத்தில் குடியிருக்கும் தம்பிக்கு அந்தச் செலவே வேண்டாம். ஒரே அறை. ஒரு பக்கம் அம்மாச்சி, மறுபக்கம் காலையில் மஸ்டருக்குப் போக வேண்டிய அம்மா. சுவருக்கு அந்தப்புறம் இருமினால் இந்தப்புறம் கேட்கும். இதற்கு ‘சைலண்ட் டிரெய்னிங்’ என்று பெயர் வைத்துவிட்டால் போதும், இல்லாமை பயிற்சி முறையாகிவிடும். கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கத்துத் தம்பிகள் லயம் என்று வரும் இடத்தில் கூட்டுக்குடும்பம் என்று போட்டுப் படிக்கவும்.

1. நேரம் குறித்தல்

அம்மா தூங்கிய பிறகுதான் முதல் மேட்ச். அவர் தூங்கிவிட்டாரா என்று தெரிந்துகொள்ள “அம்மா, தூங்கிட்டியா?” என்று கேட்கக் கூடாது. ரேஞ்ச் கிடைக்கும் ஜன்னலோரத்தை இருட்டுமுன்பே பிடித்து வை. ஜூனில் மழை இறங்கிவிட்டால் கவலையில்லை. தகரக் கூரையின் இரைச்சலில் முழு வால்யூம் வைத்தாலும் உனக்கே எதுவும் கேட்காது.

2. காதின் வேலையைக் கண்ணுக்கு மாற்றுதல்

ஃபோனில் ஆடும் பிஜிஎம்ஐயில் பக்கத்தில் யாராவது ஓடினால் மினிமேப்பில் பாதச் சுவடு தெரியும். சுட்டால் தோட்டாக் குறி தெரியும். சவுண்டை அணைத்தவனுக்கு அந்த மூலைதான் காது. ஒரு சிறு சங்கடம் உண்டு: சத்தம் கேட்டுக் கை அசைய மனிதனுக்குச் சுமார் 0.15 வினாடி ஆகும், கண்ணால் பார்த்து அசைய 0.2 வினாடிக்குப் பக்கம். எதிராளி உன்னை நாக் செய்ய இந்த இடைவெளி தாராளம். போட்டி அறையில் அந்தக் குறிகள் இருக்குமா, அணைக்கப்பட்டிருக்குமா என்று ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள். கேட்காமல் போனால் அன்றைக்குக் காதும் இல்லை, கண்ணும் இல்லை.

3. ஒற்றைக் காது முறை

ஒரு காதில் இயர்போன், மறு காது அம்மாவுக்கு. இது பாதுகாப்பான முறை என்று பலரும் நம்புகிறார்கள். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை இரண்டு காதுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை கணக்குப் போடுகிறது. ஒன்றை மட்டும் மாட்டினால் உலகத்திலுள்ள எதிரிகள் எல்லோரும் இடது பக்கமிருந்தே வருவார்கள். ப்ளூடூத் இயர்போன் வாங்கலாமா? வாங்கலாம். சத்தம் கொஞ்சம் தாமதமாக வரும். யார் உன்னைச் சுட்டார்கள் என்று செத்த பிறகு தெரிந்துகொள்ளலாம். வயர் போட்ட பழைய இயர்போன்தான் உத்தமம்.

4. யானையிடம் பாடம் கற்றல்

வேலோரன்ட்டிலும் கவுன்டர்-ஸ்ட்ரைக்கிலும் ஓடாமல் நடந்தால் காலடி கேட்காது. அதாவது சத்தம் என்பது எதிராளி கொடுத்தால்தான் உண்டு. யானை நடமாடும் சின்னக்கானல்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. யானையின் பாதத்தில் மெத்தை போலக் கொழுப்பு இருக்கிறது. அத்தனை எடையும் வாசலுக்கு வந்து நிற்கும்வரை ஓசை கிடையாது. அதனால்தான் வால்பாறையில் காதை நம்பாமல், யானை நடமாட்டம் இருந்தால் சிவப்பு விளக்கு எரியவும் ஃபோனுக்குக் குறுஞ்செய்தி வரவும் ஏற்பாடு செய்தார்கள். நம் ஊரின் மினிமேப் அதுதான். ராத்திரி ரேஞ்ச் தேடித் தேயிலைக் காட்டுக்குள் போய்ப் பயிற்சி எடுப்பது இந்த வழிகாட்டியில் அடங்காது. அங்கே ரிவைவ் கிடையாது.

5. முன்னோடிகளை மேற்கோள் காட்டுதல்

காது கேளாத ஈவோக் ஃபோர்ட்நைட் ஆடி 2019இல் ஃபேஸ் கிளான் அணிக்குள் போனார். அந்த ஆட்டத்தில் சத்தங்களைத் திரையில் குறிகளாகக் காட்டும் வசதி இருக்கிறது. இதை வீட்டில் தாராளமாகச் சொல்லலாம். பார்வையில்லாத ஸ்வென் என்ற நெதர்லாந்து வீரர் சத்தத்தை மட்டும் வைத்து ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடுகிறார். இதைச் சொல்லவே சொல்லாதே. “அப்ப நீயும் கண்ண மூடிக்கிட்டுப் படு” என்பார் அம்மாச்சி.

ஈஸ்போர்ட்ஸ் 2022 டிசம்பரிலிருந்து மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் வருகிறது என்பதையும் சொல்லிப் பார்க்கலாம். காசு வைத்து ஆடுவது வேறு, ஈஸ்போர்ட்ஸ் வேறு என்று 2025ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்திருக்கிறது. உங்கள் வீட்டில் அந்தச் சட்டம் இன்னும் அமலுக்கு வந்திருக்காது.

6. நீண்டகால மௌனப் பயிற்சி

இதை அரசாங்கமே நடத்தியது. 2020 செப்டம்பரில் பப்ஜிக்குத் தடை. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தது. 2022 ஜூலையில் மறுபடி ஸ்டோரிலிருந்து காணாமல் போய், 2023 மேயில்தான் வந்து சேர்ந்தது. அந்த மாதங்களில் சவுண்டோடு சேர்த்து ஆட்டத்தையும் அணைத்துப் பழகியவர்கள் நாம்.

7. இரைச்சல் பயிற்சி

பெரிய மேடையில் பிரச்சினை நிசப்தம் அல்ல, கூட்டம். பதுங்கியிருப்பவனைத் திரையில் பார்த்துவிட்டு ரசிகர்கள் கத்தினால் ரகசியம் போய்விடும். அதற்காக வீரர்கள் காதுக்குள் ஒரு இயர்போனும், அதன்மேல் வெறும் இரைச்சலை ஓடவிடும் ஹெட்செட்டும் மாட்டுகிறார்கள். அந்த வசதி இல்லாதவர்கள் ஏப்ரல் தொடக்கத்தில் நெம்மாறா–வல்லங்கி வேலா திருவிழாவுக்குப் போகவும். இரண்டு ஊராரும் போட்டி போட்டு வெடி வெடிக்கும் நடுவில் உட்கார்ந்து ஒரு மேட்ச் முடித்தவனை எந்த அரங்கமும் அசைக்காது. காது மிச்சமிருந்தால் அது ஊக்கத்தொகை.

8. வாயை அணைத்தல்

சவுண்டை அணைத்த எல்லோரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஃபோன் ஊமையாக இருக்கும், “டேய், பின்னாடி பாருடா!” என்ற அலறல் மட்டும் நான்கு வீடு தாண்டிப் போகும். மைக்கையும் அணை. மேப்பில் குறி வைத்துக் காட்டு. கொழிஞ்சாம்பாறைத் தமிழும் சித்தூர் மலையாளமும் ஒரே ஸ்குவாடில் இருந்தால் பாதிச் சண்டை இதிலேயே தீரும்.

முறையைக் கடைப்பிடித்தும் தோற்றுவிட்டால் பதற வேண்டாம். “சவுண்ட் இல்லாமத்தான் தோத்தேன்” என்று சொல். ஜெயித்தால், “சவுண்டே இல்லாம ஜெயிச்சேன்” என்று சொல். இரண்டு முடிவுக்கும் பொருந்தும் பயிற்சி முறை வேறெதுவும் கிடையாது. சொல்வதை மட்டும் அம்மா எஸ்டேட்டுக்குக் கிளம்பிய பிறகு சொல்.