காட்டேரியின் களவொழுக்கம்: ஃபோர்க்ஸ் நகர அகத்திணை குறித்து ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

சங்க இலக்கியத்தில் யானைக்கும் குரங்குக்கும் ஆய்வேடு எழுதிப் பட்டம் வாங்கியாயிற்று. எறும்பையும் யாராவது பதிவு செய்து வைத்திருப்பார்கள். ஆனால் தேர்வுக்கு முந்தின இரவில் பாடநூலுக்குள் ஒளித்து வைத்து வாசிக்கப்படும் ரத்தக்காட்டேரிக் காதல் நாவல்களின் பக்கம் நம் ஆய்வுலகம் திரும்பவே இல்லை. அமெரிக்கப் புத்தகக் கடைகளில் பதின்பருவ அமானுஷ்யக் காதலுக்கெனத் தனி அலமாரியே இருந்தது. நம் பொருளதிகாரத்தில் அதற்கு ஓர் இடம் வேண்டாமா? இக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

ஆய்வெல்லை

ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' வரிசையில் 2005 முதல் 2008 வரை வெளிவந்த நான்கு நாவல்களே முதன்மை ஆதாரம். பத்துக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றவை என்பதால் ஓலைச்சுவடி தேடி அலையும் வேலை இல்லை. மேகி ஸ்டீஃப்வாட்டரின் 'ஷிவர்', பெக்கா ஃபிட்ஸ்பாட்ரிக்கின் 'ஹஷ், ஹஷ்' ஆகியவை (இரண்டும் 2009) துணைமை ஆதாரங்கள்.

முன்னாய்வாளர்கள்

இத்துறையில் முன்பே கருத்துரைத்தோரை மூவகைப்படுத்தலாம்: வாசிக்காமல் ஏளனம் செய்தோர், வாசித்துவிட்டு ஏளனம் செய்தோர், வாசித்துவிட்டு வெளியே சொல்லாதோர். முதல் வகையினர் பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் பேராசிரியர்கள். மூன்றாம் வகையினரின் தொகையை மேற்கண்ட பத்துக் கோடியிலிருந்து ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம்.

கருதுகோள்

காதலுக்குச் சமூகம் இடும் தடை குறையக் குறைய, காட்டேரி வில்லன் நிலையிலிருந்து மாப்பிள்ளை நிலைக்கு உயரும். இதுவே கருதுகோள். இதனை நிறுவும் முன் முதல், கரு, உரிப் பொருள்களைக் காண்போம்.

முதற்பொருள்

கதை நிகழும் ஃபோர்க்ஸ், வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தீபகற்பத்தில் உள்ள மரம்வெட்டிகளின் சிற்றூர். ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை, அதாவது சென்னையின் மழையைப் போல் இரு மடங்குக்கு மேல். மேயர் இவ்வூரைப் பார்த்துவிட்டு எழுதவில்லை. அமெரிக்காவில் அதிகம் மழை பெய்யும் இடம் எது என்று இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தார். அவருடைய காட்டேரிகள் வெயிலில் எரிந்து சாம்பலாவதில்லை, வைரம் பதித்ததுபோல் மின்னுவார்கள். அதை ஊரார் பார்த்துவிடக் கூடாது என்றால் வானம் எப்போதும் மூடியிருக்க வேண்டும். ஆகவே கார்காலம் இங்கே கதைக்கு வைத்த கூரை.

தலைவி பெல்லா ஸ்வான் வளர்ந்தது ஃபீனிக்ஸ் நகரத்தில், பாலைவனத்து ஊர். பாலையின் உரிப்பொருள் பிரிதல். தாயைப் பிரிந்துதான் அவள் ஃபோர்க்ஸ் வருகிறாள். தலைவன் எட்வர்ட் கல்லன் வாழ்வது காட்டுக்குள், வேட்டையாடுவது மலையில், நடமாடுவது யாமத்தில். குறிஞ்சிக்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

மூன்றாமவன் ஜேக்கப் பிளாக். இவன் ஓநாயாக உருமாறுபவன், நல்ல பையன், உடம்பில் சூடு உள்ளவன். உலகெங்கும் வாசகியர் எட்வர்ட் கட்சி, ஜேக்கப் கட்சி எனப் பிரிந்து சட்டை அச்சடித்து அணிந்தனர். இந்தச் சண்டை வீண். ஜேக்கப்பின் ஊர் லா புஷ், கடற்கரை. நெய்தல் நிலத்தான் ஒருவன் காதலில் இறங்கினால் அவனுக்கு உரியது இரங்கல் என்று தொல்காப்பியர் எப்போதோ தீர்ப்பெழுதிவிட்டார். நான்கு தடிப்புத்தகம் வாசித்து அறிந்த முடிவை ஒரே நூற்பாவில் அறிந்திருக்கலாம்.

இவ்விடத்தில் ஒன்று கூறாமல் கடக்க இயலாது. ஜேக்கப் கற்பனை, ஆனால் அவன் சார்ந்த குவிலியூட் மக்கள் கற்பனை அல்லர். ஓநாய்களிலிருந்து மனிதராக மாற்றப்பட்டவர்கள் தம் முன்னோர் என்பது அவர்களின் சொந்தத் தொன்மம். ஏறத்தாழ ஒரு சதுர மைல் கடலோர நிலத்தில் ஆழிப்பேரலைக்கு அஞ்சி வாழ்ந்த அவர்களுக்கு, மேட்டுப் பகுதிக்கு நகர நிலம் வழங்கும் சட்டம் 2012-இல்தான் நிறைவேறியது. நாவல் வாசிப்போர் ஜேக்கப்புக்காகச் சிந்திய கண்ணீர் அளவில் பெரிது. நெய்தலின் உண்மையான இரங்கல் வேறிடத்தில் இருந்தது.

கருப்பொருள்

உணவு: மான், கரடி, மலைச்சிங்கம். மனித ரத்தத்தைத் துறந்து விலங்கின் ரத்தம் மட்டும் அருந்துவதால் கல்லன் குடும்பத்தார் தம்மைச் சைவர் என்று சொல்லிக்கொள்கின்றனர். மலைச்சிங்கத்தை அடித்து உறிஞ்சிவிட்டு வந்து சைவம் பேசும் இக்கொள்கை மேலும் ஆராயத்தக்கது. தேர்: வெள்ளி நிற வால்வோ கார். பூ, பறை, யாழ்: எட்வர்ட் பியானோ வாசிப்பான் என்பதால் யாழ் மட்டும் நிறைவு பெறுகிறது. கோரைப்பல்: இல்லை. மேயரின் காட்டேரிகளுக்குக் கோரைப்பல்லே கிடையாது. வாசித்தோர் பலரும் இருந்ததாகவே நினைத்துக்கொண்டிருப்பர்.

இயற்கைப் புணர்ச்சியும் வெங்காயமும்

குறிஞ்சித் தலைவியைத் தலைவன் காண்பது தினைப்புனத்தில். இங்கோ உயிரியல் வகுப்பு. காலியாக இருப்பது அவன் பக்கத்து இருக்கை ஒன்றே என்பதால் அவள் அங்கே அமர்கிறாள். அவளுடைய வாசனை தாங்காமல் அவன் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு விறைத்துப் போகிறான். பின்னொரு நாள் இருவரும் ஒரே நுண்ணோக்கியில் வெங்காய வேர்நுனியைப் பார்த்து, செல் பிரிதலின் கட்டங்களை அடையாளம் காண்கின்றனர். உறவு சேரும் காட்சியில் செல் பிரிகிறது. உள்ளுறை உவமம் அமெரிக்காவில் வழக்கொழிந்துவிடவில்லை என்பதற்கு இது சான்று. 'ஹஷ், ஹஷ்' நாவலிலும் தலைவனைத் தலைவி அருகே கொண்டுவந்து அமர்த்துவது உயிரியல் ஆசிரியரே. கணித வகுப்பில் அமானுஷ்யத் தலைவன் வருவதில்லை என்பது இவ்வகை நூல்களுக்குரிய மரபாகலாம்.

தலைவியை யானையிடமிருந்து காத்தால் களிறுதரு புணர்ச்சி, வெள்ளத்திலிருந்து காத்தால் புனல்தரு புணர்ச்சி. பனி உறைந்த பள்ளி வாகன நிறுத்தத்தில் வழுக்கி வந்த வேனை எட்வர்ட் கையால் தடுத்து நிறுத்திப் பெல்லாவைக் காக்கிறான். இதற்கு வேன்தரு புணர்ச்சி எனப் பெயரிடலாம். தகரத்தில் அவன் கைத்தடம் பதிந்துவிட, எப்படி இவ்வளவு விரைவில் வந்தாய் என்று அவள் விடாமல் கேட்கிறாள். யானை மிதிக்க வந்தபோது நம் தலைவியர் இத்தகைய கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை.

இரவுக்குறி இலக்கணப் பிழை

பகலில் மின்னுபவன் பகற்குறிக்கு உதவான். ஆகவே இரவுக்குறி. இங்கேதான் நாவலின் பெரும்பிழை நிகழ்கிறது. இரவுக்குறிக்குரிய இடம் வீட்டார் பேசுவது காதில் விழும் தொலைவில் இருக்கலாம், வீட்டுக்குள் மட்டும் ஆகாது என்பது இலக்கணம். எட்வர்டோ சன்னல் வழியே பெல்லாவின் அறைக்குள் வந்து, அவள் உறங்குவதை விடிய விடியப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவளுக்குத் தெரியாமல், ஏறக்குறைய ஒவ்வொரு இரவும்! எட்வர்டின் பார்வையில் இதே கதையைச் சொல்லும் 'மிட்நைட் சன்' (2020) நூலில், சன்னல் கிறீச்சிடுவதைத் தடுக்க அவன் எண்ணெய் கொண்டுவந்து போடுகிறான். முன்கூட்டிய திட்டத்துக்குச் சான்றாக இந்த எண்ணெய் நீதிமன்றத்தில் நிற்கும்.

வியப்பு யாதெனில், பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வும் (1897) இவ்விடத்தில் தொல்காப்பியர் பக்கமே நிற்கிறது. வீட்டாருள் ஒருவர் அழைக்காமல் காட்டேரி முதன்முறை உள்ளே நுழைய முடியாது என்பது அந்நாவலின் விதி. இலக்கண ஆசிரியரும் டிரான்சில்வேனியப் பிரபுவும் ஒப்புக்கொண்ட கதவொழுக்கத்தை ஃபோர்க்ஸ் பையன் மீறுகிறான். இதைக் காதல் என்று வாசிப்பதா, காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதா என்ற கேள்வி எழும். புகார் கொடுக்கலாம். ஊர்க் காவல்துறைத் தலைவர் அடுத்த அறையில்தான் உறங்குகிறார். அவர் பெல்லாவின் தந்தை சார்லி.

பொருத்தம் பார்த்தல்

ஒத்த தலைவன் தலைவிக்குரிய பத்து ஒப்புகளில் ஆண்டும் ஒன்று. எட்வர்ட் பிறந்தது 1901. சிகாகோவில் 1918-இன் ஸ்பானியக் காய்ச்சலில் சாகக் கிடந்தவனைக் கார்லைல் என்ற மருத்துவர் கடித்துக் காப்பாற்றினார். அன்று முதல் அவனுக்கு வயது பதினேழு. கதை நிகழும் 2005-இல் தலைவிக்கும் பதினேழு. உடலை எண்ணினால் பத்துக்குப் பத்து. ஆண்டை எண்ணினால் நூற்றுநான்கு வயது முதியவர், பெருந்திணை. இச்சிக்கலை ஆசிரியர் அறிந்தே இருக்கிறார். ஆனால் கவலைப்படுபவன் தலைவன் அல்லன், தலைவி. இரண்டாம் நாவல் தொடங்குவதே அவளுக்குப் பதினெட்டு பிறக்கும் நாளில், அவனைவிட மூத்தவளாகிவிட்டோமே என்ற அச்சத்தில்தான்.

பிரிவும் மடலும்

அந்நாவலில் எட்வர்ட் பிரிந்து போகிறான். அடுத்து வரும் பக்கங்களில் அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதப் பெயர்கள் மட்டுமே உண்டு. வேறு ஒரு சொல் இல்லை. வளை கழன்றது, பசலை படர்ந்தது என்று எழுத வேண்டிய இடத்தில் மேயர் தாளை வெறுமையாக விட்டார். பக்கத்துக்குப் பக்கம் தலைவனின் அழகை வருணித்துச் சலிக்காத எழுத்தாளரிடம் இந்த அடக்கம் எதிர்பாராதது. ஏளனம் செய்யும் முதல் இரு வகையினரும் இந்நான்கு பக்கங்களை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

பெல்லா இறந்துவிட்டாள் எனத் தவறாக அறிந்த எட்வர்ட், இத்தாலியின் வோல்டெரா நகரச் சதுக்கத்தில் உச்சிவெயிலில் மக்கள் முன் மின்னிக் காட்டி, காட்டேரி மன்றத்தாரின் கையால் சாக முடிவு செய்கிறான். பலர் காணத் தன்னை வெளிப்படுத்தி உயிர்விடத் துணிவது மடலேறுதலன்றி வேறென்ன? மடல் ஏறியே விட்டால் பெருந்திணை, ஏறுவேன் என்று சொல்வதோடு நின்றால் ஐந்திணைக்குள் இடமுண்டு. நிழலிலிருந்து வெயிலுக்கு ஓரடி இருக்கும்போது பெல்லா ஓடிவந்து அவன்மேல் மோதித் தடுக்கிறாள். அந்த ஓரடியில் ஒரு காதல் வரிசை முழுவதும் அன்பின் ஐந்திணையில் தப்பிப் பிழைத்தது.

'ஷிவர்' இன்னும் எளிது. அதன் தலைவன் சாம், குளிர் வந்தால் ஓநாய், வெயில் வந்தால் மனிதன். கார் வந்ததும் திரும்பும் முல்லைத் தலைவனுக்கு நேரெதிராக, கோடைக்குத் திரும்புபவன். பெரும்பொழுதே தலைவனின் உடலாகிவிட்ட இந்த நாவலுக்கு உரை எழுத நச்சினார்க்கினியர் இல்லாமற்போனது நம் இழப்பு.

கருதுகோளை நிறுவுதல்

களவுக்குத் தடை வேண்டும். அன்னை விழித்திருப்பாள், நாய் குரைக்கும், ஊர்காவலர் சுற்றுவர், நிலா காட்டிக்கொடுக்கும், அலர் தூற்றும் வாய் ஊரெங்கும் இருக்கும். இத்தனையும் இருந்ததால்தான் நானூறு நானூறாகப் பாடல் பிறந்தது. 2005-இன் ஃபோர்க்ஸில் என்ன தடை? பெல்லாவிடம் சொந்தமாக ஒரு பழைய டிரக் உண்டு. பள்ளி ஆண்டு விழா நடனத்துக்குப் பையனுடன் போனால் வீட்டில் படம் எடுத்துத் தருவார்கள். இந்த ஊரில் இரு பதின்பருவத்தினர் காதலித்தால் ஒன்பதாம் பக்கத்தில் கதை முடிந்துவிடும். 'ட்வைலைட்' முதற்பதிப்போ 498 பக்கம். மீதிப் பக்கங்களைக் கொடுத்தது காட்டேரி. கட்டிப்பிடித்தால் கழுத்தைக் கடித்துவிடுவேனோ என்று தலைவனே அஞ்சும்போது, அன்னையும் நாயும் நிலாவும் செய்த வேலை முழுவதையும் அவன் ஒருவனே செய்துவிடுகிறான். ஆகவே திருமணம் வரை கற்பு காக்கப்படுகிறது. காப்பவன் தலைவன்.

வரலாறும் இதற்கு ஒத்து வருகிறது. பொலிடோரியின் 'தி வாம்பயர்' (1819) கதையில் காட்டேரி பிரபு, பெண்களின் எமன். காவலின்றிக் கன்னியர் வெளியே செல்லாத விக்டோரியா காலத்தின் டிராகுலாவும் ஊர் கூடிக் கொல்ல வேண்டிய பகைவன். 1976-இல் ஆன் ரைஸின் நாவலில் அவன் உட்கார்ந்து தன் மனக்குறையைப் பேட்டி கொடுக்கிறான். 1991-இல் எல்.ஜே. ஸ்மித்தின் 'வாம்பயர் டைரீஸ்' அவனைப் பள்ளியில் சேர்த்தது. 2005-இல் மாப்பிள்ளை. வீட்டில் தடை விலக விலக, வெளியிலிருந்து தடையைத் தருவிக்க வேண்டியிருந்தது.

மேலாய்வுக் களங்கள்

1. எட்வர்ட் இதுவரை எத்தனை முறை பள்ளி இறுதித் தேர்வு எழுதினான்? 2008-இல் வந்த திரைப்படத்தில் பட்டமளிப்புத் தொப்பிகளே வீட்டுச் சுவரை நிறைத்திருக்கின்றன. இத்தனை முறை தேறியவன் ஏன் ஒரு முறையும் வேலைக்குப் போகவில்லை?

2. மேயரின் காட்டேரிகளுக்கு 25 இணைக் குரோமோசோம்கள். பத்துப் பொருத்தத்தில் இதை எந்தப் பொருத்தத்தின் கீழ் வைப்பது?

3. தடைக்குப் பஞ்சமில்லாத ஊர்களில் இந்நாவல் எவ்வாறு வாசிக்கப்படுகிறது? இது முதன்மையான களம், கள ஆய்வும் தேவை. மேற்படி திரைப்படத்தில் சார்லி ஸ்வான் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருக்கையில் மகள் வந்து, ஒருவனுடன் வெளியே போகிறேன், வாசலில் நிற்கிறான் என்கிறாள். அவர் துப்பாக்கியை மடக்கி மூடிவிட்டு, உள்ளே அழைத்துவரச் சொல்கிறார். அவனுடைய சாதியைக் கேட்கவில்லை. அண்ணன் தம்பிகளுக்குப் போன் போடவில்லை. வெளியே கிளம்பும் மகளிடம் மிளகுத் தூள் தெளிப்பான் இருக்கிறதா என்று மட்டும் விசாரிக்கிறார். நம் பக்கத்து வாசகியர் பலருக்கு இந்நாவல் வரிசையில் அமானுஷ்யப் பாத்திரம் எட்வர்ட் அல்லன், சார்லிதான் என்பதே இவ்வாய்வாளரின் துணிபு.