வார்த்தைக்கு ஒரு சென்ட்

அமெரிக்காவின் அறிவியல் புனைகதை இதழ்களை வைத்து இரண்டு வகைக் கற்பனைகள் வளர்ந்தன. ஒன்று, அந்த இதழ்களில் வந்த கதைகள். இன்னொன்று, அந்தக் கதைகளை எழுதியவரைப் பற்றி வாசகர்கள் செய்துகொண்டது. முதல் வகையில் வியாழன் கிரகத்து ராட்சத வண்டு இலக்கணப் பிழையில்லாமல் ஆங்கிலம் பேசும். அதையாவது நம்பிவிடலாம். இரண்டாவது வகையில் எழுத்தாளர் நள்ளிரவில் ஜன்னலோரம் நின்று நட்சத்திரங்களைப் பார்ப்பார். மனிதகுலத்தின் நாளைய கதி அவருக்குப் புலப்படும். கண் கலங்கியபடி டைப்ரைட்டர் முன் உட்காருவார். உண்மையில் அந்த நேரத்தில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்த வார்த்தைக் கணக்கை. 1930களிலும் 40களிலும் இந்தத் தொழிலில் நடப்புக் கூலி, கொஞ்சம் முன்பின்னாக, வார்த்தைக்கு ஒரு சென்ட். இவருடைய நடை, இவர் படைத்த பாத்திரங்கள், இவர் வைத்துக்கொண்ட பல பெயர்கள், தீர்க்கதரிசி என்று இவருக்குக் கிடைத்த பட்டம் ஆகிய எல்லாவற்றையும் அந்த ஒரு சென்ட்டைக் கொண்டே விளக்கிவிடலாம் என்பது என் கட்சி.

முதலில் கூலி வந்து சேர்ந்த விதம். 1926 ஏப்ரலில் நியூயார்க்கில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழைத் தொடங்கிய ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக், லக்ஸம்பர்க்கிலிருந்து வந்தவர். ரேடியோ சாமான் விற்றவர். நாளைய உலகைப் பற்றி மிகத் தெளிவான அபிப்பிராயங்கள் வைத்திருந்தவர். இன்றைய பாக்கியைப் பற்றி அவருக்கு அவ்வளவு தெளிவு இருக்கவில்லை. முதல் இதழை வெர்ன், வெல்ஸ், போ முதலியோரின் பழைய கதைகளைக் கொண்டே நிரப்பினார். அவர்களில் வெர்னும் போவும் ஏற்கெனவே காலமாகிவிட்டிருந்ததால் சன்மானம் கேட்டுக் கடிதம் போடும் நிலையில் இல்லை. உயிரோடிருந்த எச். பி. லவ்கிராஃப்ட், 1927இல் தம்முடைய மிகச் சிறந்த கதைகளில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, பலமுறை எழுதிக் கேட்டபின் 25 டாலர் வாங்கினார். கணக்குப் போட்டால் வார்த்தைக்கு ஒரு சென்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அதன்பின் லவ்கிராஃப்ட் தம் கடிதங்களில் கெர்ன்ஸ்பாக்கை எலி என்றே குறிப்பிட்டார். இன்று அறிவியல் புனைகதைக்குத் தரப்படும் மிகப் பெரிய விருதுக்கு ஹ்யூகோ என்று பெயர். எழுத்தாளர்கள் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொள்கிறார்கள். அவர் பெயரால் ஒன்று தாமதமில்லாமல் வந்து சேருவதே பெரிய விஷயம் என்று நினைக்கிறார்களோ என்னவோ.

இனி நடை. இந்த எழுத்தாளரின் கதையில் மூன்று பேர் கட்டாயம் இருப்பார்கள்: தாடி வைத்த பேராசிரியர், அவருடைய அழகான மகள், மகளைப் பார்க்க வந்து ராக்கெட்டில் ஏறிவிட்ட இளம் பொறியாளன். மூவரும் நிலவுக்குப் பாதி தூரம் போனபிறகுதான் இளைஞன், "பேராசிரியரே, இந்த ராக்கெட் எப்படி ஓடுகிறது?" என்று கேட்பான். ஏறுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பேராசிரியர், "உனக்குத்தான் தெரியுமே" என்று ஆரம்பித்து, அவனுக்குத் தெரிந்ததையே முந்நூறு வார்த்தைகளில் சொல்வார். அதாவது மூன்று டாலர். மகள் நடுவில், "அப்பா, எனக்குப் புரியவில்லையே" என்பாள். அதற்கு இன்னும் ஒன்றரை டாலர். அந்தப் பெண்ணுக்கு மட்டும் எதுவும் புரிந்திருந்தால் எத்தனையோ எழுத்தாளர்கள் வீட்டில் அந்த மாதம் வாடகை நின்றிருக்கும். அவளுடைய அறியாமை ஆணாதிக்கத்தின் விளைவு என்று விமரிசகர்கள் சொல்வது சரிதான். ஆனால் பொருளாதாரமும் கூடவே இருந்தது.

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் எழும். அதே அங்காடிப் பலகையில் கௌபாய் கதை இதழ்களும் துப்பறியும் இதழ்களும் தொங்கின. மட்டமான அதே மரக்கூழ்த் தாள், ஏறத்தாழ அதே கூலி. அப்படியிருக்க இந்த விளக்க வியாதி அறிவியல் கதைக்காரரை மட்டும் ஏன் பிடித்தது? காரணம், கௌபாய் குதிரையில் ஏறினால் குதிரை எப்படி ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. குதிரை என்ற ஒரு வார்த்தையோடு ஒரு சென்ட் முடிந்துவிடும். விண்கலம் அப்படியல்ல, அதற்கு எரிபொருள் உண்டு, கதவு உண்டு, கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவு உண்டு, அந்த இரண்டாவது கதவு ஏன் என்பதற்கு ஒரு பத்தி உண்டு. கூலி எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் விளைநிலம் இவருக்குத்தான் பெரிது. போதாக்குறைக்கு 1937 முதல் 'அஸ்டவுண்டிங்' இதழின் ஆசிரியராக இருந்த ஜான் டபிள்யூ. கேம்பெல் இயற்பியல் பட்டதாரி. அவர் கதைக்குள் இயந்திரத்தைத் திறந்து பார்ப்பார். கதவு பொருந்தாவிட்டால் கதை திரும்பிவரும்.

பெயர் விவகாரமும் இப்படித்தான். ஒரே இதழில் ஒருவரே இரண்டு கதை எழுதினால் வாசகர் முகம் சுளிப்பார் என்பது ஆசிரியர்களின் பயம். ஒரு கதையோடு நின்றால் வீட்டுக்காரி முகம் சுளிப்பாள் என்பது எழுத்தாளரின் பயம். வீட்டுக் கடனை அடைக்க எழுத வந்ததாகத் தாமே சொல்லிக்கொண்ட ராபர்ட் ஹைன்லைன், 1941 ஜூலை 'அஸ்டவுண்டிங்'கில் ஒரு தொடர்கதையைத் தம் பெயரிலும் ஒரு சிறுகதையை ஆன்சன் மெக்டொனால்டு என்ற பெயரிலும் எழுதினார். ஹென்றி கட்னர் கதை இன்னும் விசேஷம். சி. எல். மூர் என்பவரின் கதைகளைப் படித்துச் சொக்கிப்போய், 'அன்புள்ள திரு. மூர்' என்று கடிதம் எழுதினார். பதில் எழுதியவர் கேத்தரின் மூர் என்ற பெண்மணி. இண்டியானாபோலிஸில் வங்கி ஊழியர். வேறு வருமானம் இருப்பது வங்கிக்குத் தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்றுதான் பெயரை இரண்டு எழுத்தில் ஒளித்துவைத்திருந்தார். ஆக இலக்கிய மர்மத்துக்குப் பின்னாலும் சம்பளப் பட்டியல்தான். 1940இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். அதன்பின் ஒருவர் டைப்ரைட்டரை விட்டு எழுந்தால் மற்றவர் உட்கார்ந்து அதே கதையைத் தொடர்ந்தார். இருவரும் சேர்ந்து எழுதியவை லூயிஸ் பேட்ஜெட், லாரன்ஸ் ஓ'டொனல் என்று இல்லாத மனிதர்களின் பெயரில் வந்தன. இரண்டு பேர் உழைத்து நான்கு பேராகச் சம்பாதித்த குடும்பம்.

இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறவர்கள்கூட ஒரு இடத்தில் குரலை உயர்த்துவார்கள்: கூலிக்காரராகவே இருக்கட்டும், எதிர்காலத்தைச் சொன்னாரா இல்லையா? 1944 மார்ச் 'அஸ்டவுண்டிங்'கில் கிளீவ் கார்ட்மில் அணுகுண்டைப் பற்றி எழுதினார். ஹிரோஷிமாவுக்கு ஓராண்டுக்கும் மேல் முன்னதாக. ரகசியம் கசிந்துவிட்டதென்று ராணுவத்தின் உளவுப் பிரிவு கேம்பெல் அலுவலகத்துக்கே வந்து விசாரித்தது. இது உண்மை. ஆனால் விஷயம் முழுவதும் போருக்கு முன்பே அறிவியல் சஞ்சிகைகளில் வெளியானதுதான். கருவையும் கணிசமான தகவலையும் கொடுத்தவர் கேம்பெல். எழுத்தாளரின் சொந்தக் கற்பனை எவ்வளவு என்று பார்க்க வேண்டுமானால் நாடுகளின் பெயரைப் பார்க்கலாம். வேற்றுக் கிரகத்தில் போரிடும் இரு தரப்புகளுக்கும் சிக்ஸா, செயில்லா என்று பெயர். ஆக்ஸிஸ், அல்லைஸ் என்பவற்றின் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாகப் போட்டது, அவ்வளவுதான். ஒரு சென்ட்டுக்கு வேறென்ன பெயர் கிடைக்கும்?

இந்தத் துறையில் நிகழ்ந்த மிகத் துல்லியமான ஆரூடம் எழுத்தாளர் சொன்னதே அல்ல. 1948 நவம்பர் 'அஸ்டவுண்டிங்'கில் ஒரு வாசகர் கடிதம் வந்தது. அடுத்த ஆண்டு நவம்பர் இதழைப் படித்துவிட்டதாகப் பாவித்து, அதிலுள்ள கதைகளின் தலைப்புகளையும் எழுதியவர்களையும் சொல்லி, இது நன்று, இது சுமார் என்று தரம் பிரித்திருந்தார். 1949 நவம்பர் இதழ் வந்தபோது பெரும்பாலும் அப்படியே இருந்தது. கேம்பெல் சத்தமில்லாமல் ஹைன்லைன், ஸ்டர்ஜன் முதலிய எழுத்தாளர்களுக்குச் சொல்லியனுப்பி, அந்தத் தலைப்புகளுக்குக் கதை வாங்கிவிட்டார். எதிர்காலம் எப்படி உருவாகிறது என்பதற்கு இதைவிட நேர்மையான விளக்கம் கிடைக்காது: ஒருவர் கேட்கிறார், இன்னொருவர் காசு கொடுக்கிறார், எழுத்தாளர் குறித்த தேதிக்குள் செய்துகொடுக்கிறார். அட்டைப் படத்தை முதலில் வரையவைத்து, அதற்குப் பொருந்தக் கதை எழுதச் சொல்வதும் இந்த இதழ்களில் வழக்கம்தான். தையற்காரரிடம் பித்தானைக் கொடுத்து இதற்கு ஒரு சட்டை தைத்துக் கொடு என்பதுபோல.

மறுபக்கம், இவர் காணத் தவறியவை. பால்வெளி மண்டலத்தைக் கடக்கும் கப்பலில் மாலுமி கணக்குச் சட்டத்தை நகர்த்தி நகர்த்திப் பாதை கணிப்பார். அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' கதையில் அண்டப் பேரரசே ஆட்டங்காணும் காலத்திலும் மேயர் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருப்பார். விதிவிலக்கு இல்லாமல் இல்லை. முர்ரே லெய்ன்ஸ்டர் 1946இலேயே வீட்டுக்கு வீடு திரை, கேட்டதற்கெல்லாம் பதில், விஷம் வைப்பது எப்படி என்று கேட்டாலும் பதில் என்று ஒரு கதை எழுதினார். அதை இன்று படித்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். ஆனால் ஆயிரக்கணக்கான கதைகளில் ஒன்றிரண்டு குறி தப்பாமல் பட்டதற்காக எல்லோரையும் தீர்க்கதரிசி என்றால், தினப்பலன் எழுதுகிறவர்களுக்கும் அந்தப் பட்டத்தைக் கொடுக்க வேண்டிவரும்.

கடைசி ஆட்சேபம்தான் கனமானது. கூலியை வைத்து இலக்கியத்தை அளப்பது அற்பத்தனம் அல்லவா? ரே பிராட்பரி இல்லையா, பிலிப் கே. டிக் இல்லையா? இருக்கிறார்கள், என் கட்சிக்குச் சாட்சி சொல்லவே இருக்கிறார்கள். பிராட்பரி லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில், அரை மணிக்குப் பத்து சென்ட் காசு போட்டால் ஓடும் டைப்ரைட்டரில், 9 டாலர் 80 சென்ட் செலவில் எழுதிய கதைதான் 1951இல் 'கேலக்சி' இதழில் வந்து, பிறகு 'ஃபாரன்ஹீட் 451' ஆக வளர்ந்தது. வார்த்தைக்கு வரவு ஒருபுறம், நிமிடத்துக்குச் செலவு மறுபுறம். அப்படி எழுதியவருக்கு வானத்தைப் பார்க்க ஏது நேரம்? டிக்குக்கு 1953 என்ற ஒரே ஆண்டில் முப்பதையொட்டிய கதைகள் வெளியாயின. அவற்றில் சில சாதாரணம். சில, இன்றுவரை திரைப்படக்காரர்கள் கிண்டிக்கொண்டிருக்கும் சுரங்கம். மலிவான கூலி செய்த உபகாரம் இதுதான்: பரீட்சித்துப் பார்க்கச் செலவில்லை. நாவல் தோற்றால் பதிப்பாளர் அழுவார்; ஐம்பது டாலர் கதை தோற்றால் அடுத்த மாதமே இன்னொன்று வரும். எந்தப் பேராசிரியரும் கவனிக்காத, எந்தக் குடும்பமும் வரவேற்பறையில் வைக்காத அந்தத் தாளில் ஆறு சூரியன் உள்ள கிரகத்தையும், 2,049 ஆண்டுக்கு ஒருமுறை அங்கே வரும் இரவையும் ஒரு இருபத்தொரு வயது மாணவர் எழுத முடிந்தது. 'நைட்ஃபால்' என்ற அந்தக் கதைக்குக் கேம்பெல் வார்த்தைக்குக் கால் சென்ட் கூட்டிக் கொடுத்தார். ஐசக் அசிமோவ் செய்த முதல் காரியம், காசோலையில் தவறு நேர்ந்திருக்கிறது என்று அவருக்குச் சொன்னது. ஆறு சூரியனை நம்பியவரால் அந்தக் கால் சென்ட்டை நம்ப முடியவில்லை.

இன்றைய வாரிசுக்குத் தாடி ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கிறது. பகலில் மென்பொருள் நிறுவனத்திலோ கல்லூரியிலோ வேலை இருக்கிறது. அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் 2019இல் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி வார்த்தைக்கு எட்டு சென்ட். 1930இல் 'அஸ்டவுண்டிங்' தொடங்கியபோதே இரண்டு சென்ட் கொடுத்தது; அதற்குப்பின் அமெரிக்காவில் விலைவாசி பதினைந்து மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. ஆகவே இன்று யாரும் இந்தக் கூலியை நம்பி வீட்டுக் கடன் வாங்குவதில்லை. பேராசிரியரின் முந்நூறு வார்த்தை விளக்கமும் மெல்ல மறைந்துவிட்டது. அதை ரசனையின் வளர்ச்சி என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். டெட் சியாங் முப்பது ஆண்டுகளில் இருபது கதைகூட எழுதவில்லை, ஆனால் விருதுகளை வாரிக்கொண்டார். அவர் தொழில்நுட்பக் கையேடுகள் எழுதிப் பிழைத்தவர். விளக்கம் சொல்லும் வேலை அங்கே முடிந்துவிட்டதால் கதைக்குள் அதைக் கொண்டுவரும் அவசியம் அவருக்கு இல்லை.

ஆனாலும் அந்தச் சொற்பக் கூலிக்கே போட்டி வந்தது. 2023 பிப்ரவரியில் 'கிளார்க்ஸ்வேர்ல்டு' இதழின் ஆசிரியர் நீல் கிளார்க், கதைகள் வாங்குவதையே நிறுத்திவைத்தார். அந்த மாதம் இருபது நாளில் வந்தவற்றில் 500 அளவுக்குச் செயற்கை நுண்ணறிவு எழுதியவை. அனுப்பியவர்களுக்கு இலக்கிய ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. சுலபமாகக் காசு பார்க்கலாம் என்று இணையத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு வந்தவர்கள் என்றார் கிளார்க். இயந்திரம் மனிதனின் வேலையைப் பறிக்கும் என்று தொண்ணூறு ஆண்டுகளாக எழுதியவர்கள், அது முதலில் தங்கள் தபால் பெட்டிக்கே வரும் என்று எழுதவில்லை. மார்ச் மாதம் இதழ் மறுபடியும் கதைகளை வாங்கத் தொடங்கியது. இயந்திரம் எழுதியதை அனுப்பக் கூடாது என்பது விதி. வார்த்தைக் கணக்கில் சன்மானம் என்பதும் மாறவில்லை.