கிள்ளான்வாசியின் அடுப்பு

வீடு கிள்ளானில், வேலை பிரிக்பீல்ட்ஸில். இவர் வீட்டு கிரைண்டர்மேல் மின்கட்டண ரசீதுகள் அரைபடாமல் கிடக்கும். விடியுமுன் கொமுட்டர் ரயில். கேஎல் சென்ட்ரலில் இறங்கித்தான் பசியாறல். சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்த உள்ளூர்க் கோப்பியை உறிஞ்சிக்கொண்டே கும்பகோணம் டிகிரி காப்பியின் மகிமை பேசுவார். அங்கே போனதில்லை, அது வேறு கதை.

காரில் வந்தால் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசல். நாட்டின் இரு பெரிய பீர் ஆலைகளும் அந்த வழியோரத்துப் பெட்டாலிங் ஜெயாவிலும் ஷா ஆலமிலும்தான். தொண்டை வறண்டு, நகராத வண்டியில் இருப்பவனுக்கு இதைவிடத் தண்டனை உண்டா? வீட்டு ஐஸ்பெட்டியிலோ ஒரே ஒரு கேன். வரி அப்படி. துணைக்கு முந்தாநாள் சாம்பார்.

அபூர்வமாக என்றைக்காவது தாளிப்பு வாசம் கிளம்பினால் பக்கத்து வீட்டிலிருந்து குரல் வரும்: “என்னண்ணே, வேலை போயிருச்சா?”