டல்லஸ் கடிதம்: ஓட்டக்காரர் விற்பனைக்கு

அன்புள்ள பெரியப்பா,

டல்லஸில் செப்டம்பர் பிறந்துவிட்டால் ஆபீஸில் ஆளாளுக்கு ஒரு அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு முதலாளி. எல்லாம் காகித அணிதான். 1962-இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர் பில் விங்கன்பாக் நண்பர்களோடு கிளப்பிவிட்ட 'ஃபேன்டஸி ஃபுட்பால்' இது. நிஜ வீரர் பந்தை அணைத்துக்கொண்டு பத்து கஜம் ஓடினால் காகித முதலாளிக்கு ஒரு புள்ளி. எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஆறு. ஓடுவதே வேலையான 'ரன்னிங் பேக்'குக்கு ஏக கிராக்கி.

கிராக்கியை ஏற்றிவிடுவது ஸ்டாப்வாட்ச். வருடா வருடம் இண்டியானாபொலிஸில் கல்லூரிப் பையன்களை 40 கஜம் ஓடவிட்டு நேரம் குறிக்கிறார்கள். 2008-இல் கிறிஸ் ஜான்சன் 4.24 விநாடியில் ஓடினார். மறுவருடப் போட்டிகளில் 2,006 கஜம் குவித்தார். 2014-இல் ட்ரை ஆர்ச்சர் ஓடியது 4.26. ஆனால் ஆள் 78 கிலோ. பிட்ஸ்பர்க் அணி எடுத்து, இரண்டாம் வருடமே வழியனுப்பிவிட்டது. டெரிக் ஹென்றிக்கோ 4.54 ஆயிற்று, சரீரம் 112 கிலோ! 2020-இல் 2,027 கஜம் ஓடினார். மோதுகிறவன்தான் பாவம்.

வேகத்தையும் எடையையும் சேர்த்துப் பார்க்கவும் ஒரு கணக்கு உண்டு. பவுண்டில் எடையை 200-ஆல் பெருக்கி, நேரத்தின் நான்காம் அடுக்கால் வகுக்க வேண்டும். பில் பார்ன்வெல் என்ற பத்திரிகையாளர் போட்டது. ஹென்றிக்கு 116, ஆர்ச்சருக்கு 105. தாலுகா ஆபீஸில் இதைவிடச் சிக்கலான கணக்கெல்லாம் பார்த்தவர் நீங்கள்.

பக்கத்து மேஜைக்காரர் இந்தக் கணக்கையும் நம்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருவர் 80 கஜம் ஒரே மூச்சில் ஓடி, டிவியில் அதையே திருப்பித் திருப்பிக் காட்டினால், திங்கள் காலையே அவரை நல்ல விலைக்குத் தள்ளிவிடுவார். ஆட்டத்துக்கு இருபது தடவை பந்து வாங்கி, நாலு நாலு கஜமாக முண்டுகிறவரைக் கேட்டு வாங்குவார். நீள ஓட்டம் அடுத்த வாரமும் வருமென்று யார் எழுதிக் கொடுத்தது?

டல்லஸ் கவ்பாய்ஸ் நிஜத்திலேயே இதைச் செய்த அணி. ஓட்டப்பந்தயத்திலும் பேர் வாங்கிய ஹெர்ஷல் வாக்கரை 1989 அக்டோபரில் மினசோட்டா அணியிடம் கொடுத்துவிட்டு, வீரர்களும் புது ஆள் எடுக்கும் உரிமைகளுமாக ஒரு மூட்டை வாங்கிக்கொண்டது. அதிலொன்றைப் பண்டமாற்று செய்துதான் மறுவருடம் எம்மிட் ஸ்மித் வந்தார். வேகம் போதாதென்று பேச்சு. அவருக்கு முன்னால் 16 பேர் விலைபோயிருந்தார்கள். அவர் ஓடி முடித்த 18,355 கஜத்தை இன்னும் யாரும் எட்டவில்லை. சாம்பியன் பட்டமான சூப்பர் பவுல் மூன்று.

நேற்று மேஜைக்காரரும் மேனேஜரும் கதவைச் சாத்திக்கொண்டு காகித வீரர் பேரம். மேனேஜர் கேட்டது இரண்டு பேர். இவர் நீட்டியது ஒருவர், அதுவும் முட்டி வீங்கியவர். ஒரு மணி நேரம் இழுத்தது. சம்பள உயர்வு பேசப் போனவர் யாருக்கும் மேனேஜர் பத்து நிமிடத்துக்கு மேல் ஒதுக்கியதாக ஆபீஸில் பேச்சில்லை.