இரு வாசல் வள்ளல்

அந்தமானில் உள்ள எங்கள் சிப்பிகாட்டில் 80 என்றால் அரசுப் பண்ணையின் ஏக்கர் கணக்கு. நான் போற்ற வந்த பெருமகனுக்கோ அது அவர் நடத்தும் இணையதளத்தின் திறந்த வாசல் (போர்ட்), அதாவது பூட்டில்லாத http. பூட்டிய வாசலான https-இன் எண் 443. இரண்டையும் ஒருசேர நடத்துகிறார். தளத்தின் பெயர் வேண்டாம், புகழ்ந்தால் கூச்சப்படுவார்.

மற்றவர்கள் 80இல் வந்தவரை நிற்கக்கூட விடாமல் 443க்குத் திருப்பிவிடுகிறார்கள். விருந்தாளியை விரட்டும் அந்தக் குணம் நம்மவரிடம் இல்லை. எந்த வாசலில் நுழைந்தாலும் அதே பக்கம், அதே படிவம், அதே கடவுச்சொல் பெட்டி. "பழைய போன் வைத்திருப்பவர்கள் பாவம், எங்கே போவார்கள்?" என்று உருகுவார். பூட்டே மாட்டவில்லை என்று யாரும் குறை சொல்லவும் முடியாது. சான்றிதழ் பளபளக்கிறது, மேலதிகாரி வந்தால் அந்த வாசலைத்தான் காட்டுவார்.

அவருடைய துணிச்சல் உலகத்துக்கு வராது. 2009இல் மாக்சி மார்லின்ஸ்பைக் என்பவர் ஒன்றைச் செய்து காட்டினார்: பயனர் முதலில் 80ஐத் தொட்டால் போதும், நடுவில் நிற்பவன் 443க்குப் போகும் வழியையே மறைத்துவிடலாம். மறு ஆண்டு ஃபயர்ஷீப் என்ற சிறு கருவி வந்தது. பொது வைஃபையில் குக்கீயைப் பிடித்து, அடுத்தவர் ஃபேஸ்புக் கணக்கில் யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்றானது. பெரிய நிறுவனங்கள் பயந்துபோய் ஒவ்வொன்றாக முழுத் தளத்தையும் பூட்டிக்கொண்டன. கோழைகள்! 2012இல் ஹெச்எஸ்டிஎஸ் விதி வந்தது. 'இனி பூட்டிய வாசலுக்கே வா' என்று உலாவியிடம் தளம் சொல்லிவைக்க ஒரே ஒரு வரி. நம்மவர் சிக்கனக்காரர், அந்த வரியையும் மிச்சம் பிடித்தார்.

இடைவழியில் இருப்பவர்களும் பிழைக்க வேண்டாமா? 2015இல் ஏர்டெல் 3ஜியில் திறக்கும் பக்கங்களுக்குள் வேற்று நிரல்வரி செருகப்படுவதைப் பெங்களூருக்காரர் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். பரிசாக வக்கீல் நோட்டீஸ் வந்தது. பூட்டிய பக்கங்களில் அப்படிச் செருக இடமே இராது. நம்மவர் தளத்தில் தாராளமாக இருக்கிறது.

2004 சுனாமியில் நிலம் தாழ்ந்து சிப்பிகாட் வயல்களில் கடல் புகுந்தது. ஒரு மடையை அடைத்துவிட்டு அடுத்ததைத் திறந்து வைத்தால் உப்புத் தண்ணீர் எந்த வழியாக வரும் என்று எங்கள் விவசாயிகளைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும், சர்வர் அமைத்தவர்களா?

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து எங்கள் தீவுகளுக்குக் கடலடி இணையக் கேபிள் வந்தது. சுமார் 2,300 கிலோமீட்டர், 1,224 கோடி ரூபாய். அதுவரை செயற்கைக்கோளை நம்பி நத்தையாய் ஊர்ந்த எங்கள் கடவுச்சொற்கள் இப்போது மின்னல் வேகத்தில், உடம்பில் துணியில்லாமல் ஓடுகின்றன.

கடவுச்சொல் மறந்துபோனவர்கள் அந்த நல்ல மனிதரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். எங்கள் அபர்தீன் பஜாரில் இலவச வைஃபை உள்ள ஏதாவது ஒரு டீக்கடையில், மடிக்கணினியோடு பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் தம்பியைக் கேளுங்கள். சொல்லிவிடுவான்.