பழைய மாண்டலின் கொள்முதல் இயல்: சூத்திரமும் உரையும்

மாடு வாங்கச் சுழி பார்க்கும் சாத்திரம் நம்மிடம் உண்டு. மனை வாங்க வாஸ்து உண்டு. பழைய மாண்டலின் வாங்கப் புறப்படுகிறவனுக்கு மட்டும் ஒரு நூற்பாகூட இல்லை. தமிழ் இலக்கண மரபின் இப்பெருங்குறையை நீக்கவே இவ்வியல் எழுந்தது என்க.

சூத்திரம்:
விற்பவன் கதையும் வாங்குவோன் ஆசையும்
ஒத்துழி நிற்பது விலையெனப் படுமே.

உரை: விற்பவர் முதலில் எடுத்து வைப்பது கதையை. கருவி பிறகுதான் உறையை விட்டு வெளியே வரும். கதை மூவகைப்படும். "எங்கப்பா ஆர்கெஸ்ட்ரால வாசிச்சது" என்பது தலை. "மாமா ஃபாரின்லேர்ந்து கொண்டாந்தது" என்பது இடை. "வாங்குனதோட சரி சார், யாரும் தொடவே இல்ல" என்பது கடை. மூன்றாவதையே சிறப்பென்று மயங்குவோர் பலர். எட்டுத் தந்தியையும் முழுச் சுருதிக்கு முறுக்கினால் மொத்த இழுவிசை 70 கிலோவைத் தாண்டும். கருவியின் எடையோ ஏறக்குறைய ஒரு கிலோ. ஆகவே தந்தியைத் தளர்த்தாமல் முப்பது வருஷம் பரணில் போட்டு வைத்த மாண்டலின் என்பது, ஓர் ஆளை முதுகில் ஏற்றிக்கொண்டு முப்பது வருஷம் நின்ற குழந்தைக்குச் சமம். தொட்டு வாசித்தவராவது அவ்வப்போது இறக்கி விட்டிருப்பார்.

இனி லேபிள் ஆராய்ச்சி. அமெரிக்க ப்ளூகிராஸ் இசையின் தந்தை பில் மன்றோ, 1940-களில் மயாமியில் ஒரு முடிதிருத்தும் கடையில் பழைய கிப்சன் எஃப்-5 மாண்டலின் ஒன்றைப் பார்த்து 150 டாலருக்கு வாங்கினார். உள்ளே கிப்சனின் வடிவமைப்பாளர் லாய்டு லோர் கையெழுத்து. தேதி 1923 ஜூலை 9. அந்தக் கையெழுத்துள்ள எஃப்-5 இன்று லட்சம் டாலரைத் தாண்டி விலை போகிறது. உலகெங்கும் வாங்குவோர் புத்தியைக் கெடுத்தது இந்த ஒரு சம்பவமே. பழைய மாண்டலின் எது கண்ணில் பட்டாலும் துளைக்குள் செல்போன் டார்ச்சைப் பாய்ச்சிவிடுகிறார்கள். சென்னையில் பாய்ச்சினால் தெரிவது பெரும்பாலும் கொல்கத்தா. எழுத்துக்கூட்டிப் படித்து 'கிப்சன்' என்று துள்ள வேண்டாம். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கவும், 'கிவ்சன்' என்றிருக்கும். அதுவும் கொல்கத்தாதான்.

அற்றேல், மாண்டலின் ஸ்ரீநிவாஸ் போல வாசிக்கலாமே எனின், அது ஈண்டுப் பொருந்தாது. அவர் கையில் இருந்தது ஐந்து ஒற்றைத் தந்திகள் பூட்டிய எலெக்ட்ரிக் மாண்டலின். பரணிலிருந்து இறங்கியதோ இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி கொண்டது. ஜோடித் தந்தி இரண்டையும் சேர்த்து இழுத்து ஒரு தோடி கமகம் முயன்றால், அவர் ஏன் ஒற்றைத் தந்திக்குப் போனார் என்பதை விரல் நுனியே சொல்லிவிடும். "ஏற்கெனவே ஒரு கீபோர்டு தூசி அடைஞ்சு கெடக்குதே, அது எதுக்குங்க?" என்று இல்லத்தரசி எழுப்பும் தடைக்கு விடை யாதோ எனின், உரைகாரர் இவ்விடத்தை வேகமாகக் கடந்து செல்கிறார்.

குற்றம் இருவகை: விலை குறைக்கும் குற்றம், விலகச் செய்யும் குற்றம். கீறல், நிறமங்கல், துருத்தந்தி, இறுகிய கீ எல்லாம் முதல் வகை. கண்ணுக்குத் தெரிவன பெரும்பாலும் இவையே. வாய்விட்டுச் சொல்ல வேண்டியவையும் இவையே. இவற்றுள் அரசன் ஒன்றுண்டு. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அழுத்தி வாசித்தால் சுருதி சேராது. ஆசைப்பட்டவர் முகம் தொங்கிப்போகும். ஆனால் மாண்டலினின் பிரிட்ஜ் ஒட்டப்பட்டதன்று. தந்தியின் அழுத்தத்தில் நிற்பது. எல்லாத் தந்தியையும் ஒருசேரக் கழற்றினால் கையோடு வந்துவிடும். திரும்ப வைத்தவர் குத்துமதிப்பாக வைத்திருப்பார். சில மில்லிமீட்டர் நகர்த்தினால் சரியாகும், செலவு பூஜ்யம். இதை அறிந்தவர் வாயைத் திறக்கலாகாது.

"என்ன சார், யோசிக்கிறீங்க?"

"மேல போனா சுருதி சேரலையே."

"பழசு இல்லியா சார்... ஐந்நூறு கொறைச்சுக் குடுங்க."

இரண்டாம் வகையோ பளபளவென்றே இருக்கும். கருவியின் அடியைக் கண்ணருகே பிடித்து, ஒரு கண்ணை மூடி, கழுத்தின் நீளத்துக்கும் பார்வையை ஓட்டுக. வில்லாக வளைந்திருந்தால் தெரிந்துவிடும். பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கி நுழைத்தும் இடம் மிஞ்சினால் சந்தேகம் பலப்படும். பிரிட்ஜின் கீழே மேல்பலகை உள்வாங்கியிருக்கிறதா, கழுத்து உடலோடு சேரும் இடத்தில் நகம் நுழைகிறதா என்பன அடுத்த சோதனைகள். நெடுநாள் தளர்ந்து கிடந்ததை அங்கேயே முழுச் சுருதிக்கு ஏற்றுதல் கூடாது. விரிசல் விட்டால் "நீங்க தொட்டதுக்கப்புறம்தான் சார்" என்பார். அதற்கு எந்நூலிலும் மறுப்பு இல்லை.

தீர்ப்பு இது. கழுத்து வளைந்திருந்தால், அப்பா எந்த ஆர்கெஸ்ட்ராவில் வாசித்திருந்தாலும் சரி, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். கழுத்து நேராகவும் பலகை பதியாமலும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். புதுத் தந்தி செட்டின் விலையை மறக்காமல் கழித்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குத் தனியாகப் பணம் கேட்பார், கொடுக்காதீர்கள்.