குறை குறையாமல்

ஓணம் வந்தால் இடுக்கி மலையில் உடும்பஞ்சோலைப் பக்கத்தில் மாவேலி ராஜா வேஷம் கட்டாத கிளப்பு கிடையாது. மாவேலி எப்படி இருந்தார் என்று நேரில் பார்த்தவர் எவரும் இல்லை. படம் இல்லை, அங்க அடையாளம் எழுதிவைத்த ரெக்கார்டு இல்லை. ஆனாலும் தொப்பை ஒரு சுற்றுக் குறைந்தாலோ, ஓலைக்குடைக்குப் பதிலாகப் பாலியஸ்டர் குடை வந்தாலோ, முன்வரிசைப் பாட்டி "இது மாவேலியே இல்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். ஆதாரமே இல்லாத வேஷத்துக்கே இத்தனை கறார் என்றால், அங்குலம் அங்குலமாகப் படம்பிடித்து வைத்திருக்கிற வேஷத்துக்கு எவ்வளவு இருக்கும்? 1977 மே 25 அன்று வெளியான ஸ்டார் வார்ஸ் படத்தில் வெள்ளைக் கவசம் போட்டு வரும் ஸ்டார்ம் ட்ரூப்பர் என்னும் காவல்படை ஆளைத்தான் சொல்கிறேன். திரையில் இருந்தது இருந்தபடியே அந்த வேஷத்தைச் செய்து, ஒரு வருஷம் போட்டுப் பார்த்து, கழற்றி, மறுபடி திருத்தி, மறுபடி போட்டுப் பார்க்கிறவர்கள் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களைப் பைத்தியம் என்று சொல்வது சுலபம். பைத்தியம்தான், ஆனால் அதற்குள்ளே ஒரு நியாயம் ஓடுகிறது. அவர்கள் தேடுவது நேர்த்தி இல்லை. ஒரு காலத்தில் அவசரத்தில் நடந்த அரைகுறை வேலையை, அவசரமே இல்லாமல், அரைகுறை கொஞ்சமும் குறையாமல் திரும்பச் செய்வதுதான் அவர்கள் தொழில்.

அந்த அரைகுறையை முதலில் பார்த்துவிட வேண்டும். படத்துக்காக ரால்ஃப் மெக்குவாரி வரைந்த ஓவியத்தைப் பார்த்து நிக் பெம்பர்ட்டன் களிமண்ணில் ஒரு தலை செய்தார். அதிலிருந்து ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் அச்செடுத்து, முதல் தவணையாக 50 தலைக்கவசம் செய்து கொடுத்தார். செய்முறை நம் வீட்டு பிஸ்கட் பாக்கெட்டுக்குள் இருக்கிற வழுவழுத் தட்டின் செய்முறைதான்: பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, இளகியதும் அச்சின்மேல் போர்த்தி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால் தகடு அச்சோடு ஒட்டிக்கொள்ளும். களிமண் தலை கையால் பிசைந்தது என்பதால் இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றுபோல் இல்லை. காதுமூடி சரியாக உட்காராத இடத்தில் வெட்டித் தேய்த்துத் திருகாணி போட்டார்கள். தலைக்கவசம் ஒரு பிளாஸ்டிக், மேலே வெள்ளை பெயிண்ட். உடம்புக் கவசம் வேறு பிளாஸ்டிக், பிறவியிலேயே வெள்ளை. ஆகையால் தலையின் வெள்ளையும் மார்பின் வெள்ளையும் சித்தி பிள்ளை, பெரியம்மா பிள்ளை மாதிரி. சாயல் உண்டு, ஒன்றல்ல. துண்டு துண்டான கவசத்தை உடம்போடு பிடித்து வைத்தது எலாஸ்டிக்கும் பிரஸ் பட்டனும். இடுப்புக்குப் பின்னால் தொங்குகிற பயங்கரமான வெடிகுண்டு, உள்ளபடியே ஒரு சாம்பல் நிறக் குழாய்த் துண்டு. ஒரு பிரபஞ்ச சாம்ராஜ்ஜியத்தின் மானம், நம் ஊர் ஹார்டுவேர் கடையில் அடி கணக்கில் வெட்டித் தருகிற சாமானில் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது இதை ஒருவர் நெடுங்கண்டத்திலோ போடியிலோ செய்ய நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜீப்புக்கு டிங்கரிங் பார்க்கிற கை இந்த மலையில் தாராளமாகக் கிடைக்கும். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நேற்றுப் பாறையில் மோதிய பானெட்டை இன்று கண்ணாடியாக்கித் தருகிற கை. அந்தக் கைதான் இந்த வேலைக்கு முதல் எதிரி. ஒரு கன்னம் ஒடுக்கு, ஒரு கன்னம் உப்பல் என்று கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் இரண்டையும் சமமாக்கித் தருவார், அதற்குக் கூலியும் கேட்பார். சமமாக்கியதும் அது ஸ்டார்ம் ட்ரூப்பர் இல்லை, நல்ல ஹெல்மெட். "அண்ணே, ஒடுக்கு எடுக்கச் சொல்லலை, வைக்கச் சொன்னேன்" என்று அவரிடம் விளக்க ஒரு தனிச் சாமர்த்தியம் வேண்டும். நேராக்குவது எந்தத் திறமைசாலிக்கும் வரும். இன்னொருவன் கை எங்கே கோணியதோ அங்கேயே, அதே அளவுக்குக் கோணுவதற்குத் திறமையோடு அடக்கமும் வேண்டும். வேலையைத் திருத்துவது என்பதற்கு இங்கே அர்த்தமே தலைகீழ். முதல் வருஷம் தன் சொந்தப் பிழைகளோடு செய்த கவசத்தில் அவற்றை ஒவ்வொன்றாக நீக்கி, 1976இல் இங்கிலாந்தில் நடந்த பிழைகளை அந்த இடத்தில் குடியேற்றுகிறார்கள்.

"பிழை என்று தெரிந்தபிறகு அதை ஏன் காப்பியடிக்க வேண்டும்?" என்று கேட்கலாம். பிழை, அதைச் செய்தவர்களாலேயே ஞானஸ்நானம் பெற்றுவிட்டது என்பதுதான் பதில். முதல் படத்தில் காவலாளிகள் ஒரு அறைக்குள் ஓடி வரும்போது அதில் ஒருவர் கதவின் மேற்சட்டத்தில் தலையை இடித்துக்கொள்வார். அந்தக் கவசத்துக்குள்ளிருந்து பார்த்தால் பாதி உலகம்தான் தெரியும். இடிக்காமல் வந்த மற்றவர்களைத்தான் பாராட்ட வேண்டும். ஷாட் அப்படியே படத்தில் போய்விட்டது. 2004இல் டிவிடி வந்தபோது இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் அந்த இடத்தை வெட்டவில்லை. 'டொக்' என்று ஒரு சத்தம் சேர்த்தார். அதற்கு முன்பே, 2002இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில், இந்தப் படைவம்சத்துக்கெல்லாம் மூதாதையாகிய ஜாங்கோ ஃபெட்டும் கதவில் தலையை இடித்துக்கொண்டு விட்டார். தற்செயலாக நடந்த ஒரு மோதல் கால் நூற்றாண்டுக்குள் குலவழக்கமாகிவிட்டது. நம் ஊரிலும் அப்படித்தானே: யாரோ ஒரு பூசாரிக்குக் கால் சுளுக்கிய வருஷம் சப்பரம் இடப்பக்கமாகத் திரும்பியிருக்கும், இன்றைக்கு வலப்பக்கம் திருப்பிப் பாருங்கள், தெரியும்.

அடுத்த கேள்வி இன்னும் நியாயமானது. கட்டுவதுதான் கட்டுகிறோம், ராஜா வேஷம் கட்டக்கூடாதா, இந்தக் காவல்காரன் வேஷம் எதற்கு? இந்தக் கோட்டிக்கெல்லாம் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. நாயகன் வேஷம் முக்கால்வாசி முகம். ரஜினி போட்ட சட்டையை நூலுக்கு நூல் அதேபோல் தைத்துப் போட்டுக்கொண்டாலும், காலருக்கு மேலே நம் முகம்தான் வந்து உட்காரும். துல்லியம் கழுத்தோடு முடிந்தது. முகமே இல்லாத காவலாளிக்கு அந்தச் சங்கடம் கிடையாது. வேஷம் சரியாக இருந்தால் ஆள் நூற்றுக்கு நூறு அவனேதான். முகத்தைக் காட்டிப் பெயர் வாங்க ஆசைப்படுகிறவன் இந்தப் பக்கம் வரமாட்டான் என்பது கூடுதல் வசதி. தமிழ் சினிமா இந்த வாய்ப்பையும் விட்டுவைக்கவில்லை என்பது வேறு. 2010இல் வந்த எந்திரனில் ஒரு எந்திரப் பட்டாளமே அணிவகுத்தது. அத்தனை சிப்பாய்க்கும் ரஜினி முகம். நம்மூரில் காவல்படையிலும் கதாநாயகன்தான் நிற்க வேண்டும், மற்றவர்களை நிறுத்தினால் விசில் விழாது.

சரி, காவல்காரனே ஆகட்டும், மில்லிமீட்டர் கணக்குப் பார்ப்பது அதிகம் இல்லையா? முகத்தில் எத்தனை பல் வெட்டியிருக்கிறது, கண்ணுக்குத் தட்டைக் கண்ணாடியா குமிழ்க் கண்ணாடியா என்று ராத்திரி முழுக்கப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்களாமே? இந்தக் கேள்வியை உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரர் கேட்டாலும் உட்கார்ந்து பதில் சொல்லலாம். உடும்பஞ்சோலைக்காரர் கேட்கக்கூடாது. 7 மில்லிமீட்டர் துளைச் சல்லடைமேல் தங்கினால் ஏலக்காய்க்கு ஒரு பெயர், 6இல் தங்கினால் இன்னொரு பெயர், 8 என்றால் விலையே வேறு என்று பிழைப்பு நடத்துகிற ஊர் இது. புற்றடி ஏலத்திலும் போடி ஏலத்திலும் சாம்பிளைத் தட்டில் கொட்டிக்கொண்டு, இது பச்சையா, வெளிர்பச்சையா, பச்சையாக இருந்து நேற்று வெளுத்த பச்சையா என்று வியாபாரிகள் பார்க்கிற பார்வைக்கு முன்னால், இரண்டு வெள்ளைக்கு நடுவே வித்தியாசம் பார்ப்பது பால்வாடிப் பாடம். "அதில் காசு இருக்கிறது, இதில் என்ன இருக்கிறது?" என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்போது கேள்வி மில்லிமீட்டரைப் பற்றியது இல்லை, காசைப் பற்றியது. அதை முதலிலேயே கேட்டிருக்கலாம்.

காசைக் கேட்டாகிவிட்டதால் சொல்கிறேன்: இந்தக் கவசத்தில் காசு உண்டா இல்லையா என்று லண்டனில் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். அதே ஐன்ஸ்வொர்த் பிற்காலத்தில் பழைய அச்சுகளை வைத்துக் கவசம் செய்து விற்க ஆரம்பித்தார். லூகாஸின் கம்பெனியான லூகாஸ்ஃபிலிம் வழக்குப் போட்டது. அமெரிக்க நீதிமன்றம் 2006இல் அவர் 2 கோடி டாலர் தர வேண்டும் என்றது. இங்கிலாந்தில் கேள்வி வேறு மாதிரி திரும்பியது: இந்தத் தலைக்கவசம் சிற்பமா, இல்லையா? சிற்பம் என்றால் பதிப்புரிமை நீண்ட காலம் நிற்கும். 2011 ஜூலை 27 அன்று நீதிபதிகள் சிற்பம் இல்லை என்று தீர்ப்பளித்தார்கள். கலைப்படைப்பு என்றால் அது அந்தப் படம், தலைக்கவசம் அதை எடுக்க உதவிய ஒரு சாமான். அடுப்பில்லாமல் சமையல் இல்லை, அதற்காக அடுப்பைச் சாப்பிட முடியுமா என்கிற மாதிரி. நுணுக்கமான தீர்ப்பு. ஆனால் ஒரு தெருக்கூத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் என்று செதுக்கி, கண்ணாடிச் சில் பதித்துக் கட்டிக்கொள்கிறார்கள். அந்தக் கட்டைகளை வைத்துத்தான் அந்தக் கூத்துக்கே கட்டைக்கூத்து என்று பேர். மார்புக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று, தலைக்கு ஒன்று என்று கயிற்றால் கட்டுகிற கவசம். ஸ்டார்ம் ட்ரூப்பருக்குச் செய்ததும் அதுதான், எலாஸ்டிக்கால். கூத்துக்காரருக்குக் கட்டை வேறு, கூத்து வேறு இல்லை. கட்டையை அவிழ்த்து வைத்தபிறகு அங்கே நிற்பது துரியோதனன் இல்லை, டீ குடிக்கப்போகிற ஒருவர். தமிழில் வேஷத்தைப் 'போடுவது' மட்டும் இல்லை, 'கட்டுவதும்' உண்டு என்பதை அந்த நீதிபதிகளுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

இனி உள்ளூர் ஆட்சேபம் ஒன்று பாக்கி: இந்த மழையிலும் மஞ்சிலும் அந்த வெள்ளைக் கவசத்தைப் போட்டுக்கொண்டு எங்கே போவது? போட்டவர் உட்கார முடியாது. தொடைக்கவசம் இடுப்பில் முட்டும். மூச்சுவிட்டால் கண்ணாடியில் ஆவி படியும். வெளியே போடிமெட்டு மஞ்சு, உள்ளே சொந்த மஞ்சு. கொங்காணி போட்டு மழையில் காய் பறிக்கிற பெண்களுக்கு இந்தக் காவல்படையின் தொழில்நுட்பம் ஒன்றும் பிரமிப்பாக இருக்காது. மருந்தடிக்கிறவருக்குத் தரவேண்டிய முகமூடியும் கண்ணாடியும் உறையும் எத்தனை தோட்டத்தில் ஒழுங்காகக் கிடைக்கிறது என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், அதற்கு இந்தக் கட்டுரையில் பதில் இல்லை. உண்மையிலேயே காப்பாற்ற வேண்டிய கவசம் அதுதான். உபயோகம் என்று பார்த்தால் ஒன்று சொல்லலாம். 1997இல் அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில் ஆல்பின் ஜான்சனும் டாம் குரூஸும் (நடிகர் இல்லை) தொடங்கிய 501ஆவது லீஜன் என்ற வேஷக்காரர் சங்கம், எந்தக் கவசம் எப்படி இருந்தால் சேர்த்துக்கொள்வோம் என்று பாகம் பாகமாக எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கறார் வாசலைத் தாண்டி உள்ளே போனவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், ஆஸ்பத்திரியில் கிடக்கிற குழந்தைகளைப் பார்க்கப் போகிறார்கள், நல்ல காரியத்துக்குப் பணம் திரட்டுகிறார்கள். இதையும் பெரிய நியாயமாக நான் தூக்கிப் பிடிக்கப்போவதில்லை. தர்மம் செய்ய வெள்ளைக் கவசம் அவசியம் இல்லை. ஆனால் குழந்தைகள் கோணல் காதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள், மாவேலிக்கு முன்னால் உட்கார்ந்த அந்தப் பாட்டியைப்போல.

கடைசியாக ஒரு துப்பாக்கி. அந்தக் காவலாளி கையில் இருப்பது கற்பனை ஆயுதம் இல்லை. பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்டெர்லிங் சப்மெஷின் கன். அதன்மேல் பழைய டாங்கியின் தொலைநோக்கி ஒன்றை ஏற்றி, குழலைச் சுற்றிப் பிளாஸ்டிக் பட்டை ஒட்டி, பக்கத்தில் ஒரு எண்ணும் மீட்டரைச் செருகினார்கள்; எதிர்காலம் தயார். இதே ஸ்டெர்லிங்கை இந்தியாவும் உரிமம் வாங்கிக் கான்பூரில் 1ஏ கார்பைன் என்ற பெயரில் செய்தது. நம் ராணுவத்திலும் போலீஸிலும் பல பத்தாண்டுகள் புழங்கியது. வெளிநாட்டு வேஷக்காரர்கள் குழாயையும் மரத்தையும் அச்சில் வார்த்த பிசினையும் வைத்துக்கொண்டு எந்தத் துளை எந்த வரிசையில் என்று மண்டையை உடைத்துக்கொள்கிற சாமானை, நம்மூர் ஏட்டு தோளில் மாட்டிக்கொண்டு திருவிழா பந்தோபஸ்துக்கு நின்றிருக்கிறார். ஆகவே உடும்பஞ்சோலையில் செய்த ஸ்டார்ம் ட்ரூப்பர், கம்பத்தில் ஏதோ விழாவுக்கென்று முழு வேஷத்தில் ஜீப்பின் பின்னால் நின்றுகொண்டே கம்பம்மெட்டு இறங்கினால், தலைக்கவசத்தின் காதையும் கவசத்தின் வெள்ளையையும் செக்போஸ்டில் யாரும் கண்டுகொள்ளப்போவதில்லை. ஓய்வுக்கு ஆறு மாசம் இருக்கிற போலீஸ்காரர் ஒருவர் எழுந்து வந்து, துப்பாக்கியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேகசின் இவ்வளவு குட்டையாக இருக்காதே தம்பி என்பார்.